ஏழு அங்குலத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

விடுமுறைக்கு வெளிநாடு போக டிக்கெட் எடுப்பவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் இரண்டு விலைகளுக்கு நடுவே நின்று யோசிக்கிறார்கள். எகானமிக்கு ஒரு விலை. அதன் பக்கத்திலேயே பிரீமியம் எகானமி, ஒன்றரை மடங்கிலோ இரண்டு மடங்கிலோ. பிசினஸ் வகுப்பு எட்டாத உயரத்தில் இருப்பதால் அதைப் பற்றிப் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. நடுவில் இருக்கும் வகுப்புதான் மனத்தை அலைக்கழிக்கிறது. அலுவலகப் பயணம் என்றால் நிறுவனத்தின் விதி முடிவு செய்துவிடும். சொந்தப் பணத்தில் குடும்பத்தோடு போகும்போது அந்தக் கூடுதல் தொகை ஊர் சுற்றும் செலவிலிருந்துதான் வர வேண்டும். இரண்டு நாள் கூடுதலாகத் தங்குவதா, நல்ல விடுதியா, அகலமான இருக்கையா என்ற கேள்வி அது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரவு முழுவதும் பறக்கும் ஒன்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம், எகானமி மிகவும் நெருக்கமாக இருக்கும் விமானம், எகானமி விலையைப் போல ஒன்றரை மடங்கைச் சுற்றிய கட்டணம். இந்த மூன்றும் சேர்ந்தால் பிரீமியம் எகானமி கொடுத்த பணத்துக்குத் தகும். ஒன்று குறைந்தாலும் தயங்க வேண்டும், இரண்டு குறைந்தால் வேண்டாம். ஏன் இந்த மூன்று என்பதற்கு, இந்த வகுப்பு எப்படிப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1970களின் இறுதியில் சலுகைக் கட்டணங்கள் பெருகியபோது, முழுக் கட்டணம் கொடுத்து எகானமியில் பயணம் செய்த வணிகர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். பக்கத்து இருக்கைக்காரர் பாதி விலையில் வந்திருக்கிறார், இருவருக்கும் ஒரே இருக்கை, ஒரே சாப்பாடு. அவர்களைத் தனியே உட்காரவைக்க 1978-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸும் அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனமும் தனிப் பகுதிகளை உருவாக்கின. அதுவே பிசினஸ் வகுப்பின் தொடக்கம். அந்தக் கால பிசினஸ் இருக்கை படுக்கையாக விரியாது. சற்று அகலமாக இருக்கும், சற்றுக் கூடுதலாகச் சாயும், கால் நீட்ட இடம் இருக்கும். இன்றைய பிரீமியம் எகானமி இருக்கையின் இலக்கணமும் கிட்டத்தட்ட இதுதான்.

பிறகு பிசினஸ் வகுப்பு மேலே ஏறிக்கொண்டே போனது. 2000-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் பிசினஸ் இருக்கைகளை முழுதாக நீளும் படுக்கைகளாக மாற்றியது. அதே ஆண்டில்தான் ‘வேர்ல்டு டிராவலர் பிளஸ்’ என்ற பெயரில் பிரீமியம் எகானமியையும் தொடங்கியது. இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. மேல்வகுப்பை உயர்த்தியதும் நடுவில் ஒரு பெரிய வெற்றிடம் உண்டானது; அதை விற்பனைப் பொருளாக்கினார்கள். தைவானின் ஈவா ஏரும் பிரிட்டனின் வர்ஜின் அட்லாண்டிக்கும் 1990களின் தொடக்கத்திலேயே இதை முயன்று பார்த்திருந்தன. குவான்டாஸ் 2008-ல் வந்தது. லுப்தான்சா 2014-ல், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2015-ல். எமிரேட்ஸ் 2022-ல்தான் முழு அளவில் விற்கத் தொடங்கியது. கத்தார் ஏர்வேஸ் இந்த வகுப்பே வேண்டாம் என்று ஒதுங்கி நின்றது.

மேலே இப்படி இடைவெளி விரிந்துகொண்டிருக்க, கீழே எகானமி சுருங்கியது. போயிங் 777 விமானம் 1995-ல் சேவைக்கு வந்தபோது பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு வரிசைக்கு ஒன்பது இருக்கைகளே வைத்திருந்தன. இன்று அதே அகலமுள்ள அதே விமானத்தில் பத்து இருக்கைகள் என்பதுதான் வழக்கம். விமானத்தின் உடல் ஓர் அங்குலம்கூட அகலமாகவில்லை; பத்தாவது ஆளுக்கான இடம் மற்ற ஒன்பது பேரின் தோளிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் எடுக்கப்பட்டது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பிரீமியம் எகானமியில் உட்கார்ந்ததும் கிடைக்கும் நிம்மதியில் ஒரு பங்கு, எகானமியில் முன்பு எல்லோருக்கும் இருந்த இடம்தான். அதைத் திரும்பப் பெறவே நாம் பணம் கொடுக்கிறோம். அப்படியிருக்க, எவ்வளவு இடம் திரும்பி வருகிறது என்று அளந்து பார்த்துக் கொடுப்பதில் தவறில்லை.

அளவு பார்ப்பது எளிது. ஓர் இருக்கைக்கும் அதன் முன் இருக்கைக்கும் இடைப்பட்ட தூரத்தைப் ‘பிட்ச்’ என்பார்கள். எகானமியில் இது பெரும்பாலும் 31 அங்குலம், சில நிறுவனங்களில் 32. பிரீமியம் எகானமியில் பொதுவாக 38. ஆக, நீளவாட்டில் கிடைப்பது ஏழு அங்குலம். எமிரேட்ஸ் 40 அங்குலம் தருகிறது, ஜப்பான் ஏர்லைன்ஸ் 42 வரை போகிறது. நெடுந்தூர விமானங்களில் இந்த ஏழு அங்குலம் எந்த நிறுவனத்திலும் ஏறக்குறைய உறுதி. அகலம் அப்படி இல்லை. அது விமானத்தின் வகையைப் பொறுத்து மாறுகிறது. பலர் கவனிக்காமல் விட்டுவிடும் இடம் இதுதான்.

போயிங் 777-ல் எகானமி வரிசைக்குப் பத்துப் பேர், பிரீமியத்தில் எட்டுப் பேர். போயிங் 787 ட்ரீம்லைனரில் எகானமியில் ஒன்பது பேர், பிரீமியத்தில் ஏழு பேர். ஏர்பஸ் ஏ350-ல் எகானமியில் ஒன்பது பேர், பிரீமியத்தில் எட்டுப் பேர். கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள்: ஏ350-ல் ஒரே ஒரு ஆள்தான் குறைகிறார். அந்த விமானத்தில் எகானமி இருக்கையே ஏறத்தாழ 18 அங்குல அகலம். பத்துப் பேர் உட்காரும் 777-லும் ஒன்பது பேர் உட்காரும் 787-லும் அது சுமார் 17 அங்குலம். ஓர் அங்குலம் என்ன பெரிது என்று தோன்றலாம். பத்து மணி நேரம் பக்கத்து ஆளின் முழங்கையோடு போட்டியிட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால், ஒரு பயணி தரையில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறார் என்பது வந்துவிடும். எகானமி 31 அங்குலம், பிரீமியம் 38 அங்குலம் என்று எடுத்துக்கொண்டால், 787-ல் பிரீமியம் பயணி எகானமி பயணியைப் போல 1.58 மடங்கு இடத்தைப் பிடிக்கிறார். 777-ல் 1.53 மடங்கு. ஏ350-ல் 1.38 மடங்குதான். பிரிட்டன் அரசு விமானப் பயணத்தின் கரிம வெளியேற்றத்தைக் கணக்கிட வெளியிடும் காரணிகளிலும் நெடுந்தூர பிரீமியம் எகானமிக்கு எகானமியைப் போல 1.6 மடங்கு என்றே வைத்திருக்கிறார்கள். அதுவும் இருக்கை பிடிக்கும் இடத்தை வைத்துச் செய்யும் கணக்குதான். பிசினஸ் வகுப்புக்கு அவர்கள் வைத்திருப்பது 2.9 மடங்கு.

இதிலிருந்து ஒரு நியாய விலை நமக்குக் கிடைக்கிறது. எகானமி டிக்கெட் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 777 அல்லது 787-ல் பிரீமியம் எகானமி 90,000 முதல் 96,000 வரை என்றால், வாங்கும் இடத்துக்கு ஏற்ற விலை. மேம்பட்ட சாப்பாடும் கூடுதல் பெட்டியும் மேலே கிடைத்த ஊதியம். 1,20,000 என்றால் இடத்துக்கு மேலே 25,000 ரூபாய்க்கு என்ன தருகிறார்கள் என்று கேட்க வேண்டும். ஏ350-ல் அதே 90,000 கேட்டாலே நான் இரண்டு முறை யோசிப்பேன். இந்த அளவுகோலுக்குத் திருமறை அந்தஸ்து எதுவும் இல்லை. ஆனால் ‘பிசினஸ் வகுப்பில் பாதி விலைதானே’ என்று மேலே பார்த்து ஒப்பிடுவதைவிட, கீழே எகானமியோடு ஒப்பிடுவது நம் பணத்துக்குப் பாதுகாப்பு. மேலே பார்த்தால் எந்த விலையும் மலிவாகத்தான் தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்பதற்காகத்தான் மூன்று விலைகளையும் ஒரே வரிசையில் காட்டுகிறார்கள்.

அடுத்து தூக்கம். என்னைப் பொறுத்தவரை முடிவை மாற்றக்கூடிய பெரிய காரணம் இது. பிரீமியம் எகானமி இருக்கை படுக்கையாகாது. எகானமியைவிடச் சில அங்குலம் கூடுதலாகச் சாயும், அவ்வளவே. கெண்டைக்காலுக்கு ஒரு தாங்கி இருக்கும், தலையணை சற்றுப் பெரியதாக இருக்கும். மல்லாந்தோ ஒருக்களித்தோ படுத்தால்தான் தூக்கம் வரும் என்பவருக்கு இதிலும் வராது. உட்கார்ந்தபடியே தூங்கக்கூடியவருக்கு, எகானமியில் விட்டு விட்டு வரும் இரண்டு மணி நேரத் தூக்கம் இங்கே நான்கு மணி நேரமாக நீளலாம். அந்த வேறுபாட்டின் மதிப்பு இறங்கிய பிறகுதான் தெரியும். ஒரு வாரச் சுற்றுலாவில் முதல் நாள் முழுவதையும் விடுதி அறையில் திரை போட்டுத் தூங்கிக் கழித்தால், அந்த நாளின் அறை வாடகையும் ஏற்கெனவே வாங்கிய நுழைவுச் சீட்டுகளும் வீண். பத்து நாள் பயணத்தில் ஒரு நாளை மீட்டுத் தரும் இருக்கைக்கு விலை கொடுப்பது ஆடம்பரம் ஆகாது.

அதே தர்க்கத்தை மறுபக்கமும் ஓட்டிப் பாருங்கள். பகல் விமானத்தில் தூக்கத்துக்கு வேலையே இல்லை. படம் பார்த்து, சாப்பிட்டு, நடந்து, மறுபடி படம் பார்த்து நேரத்தைக் கழிப்போம். திரும்பி வரும் பயணத்தில் மறுநாள் வேலைக்குப் போகவேண்டியதில்லை என்றால், களைப்பைப் போக்க வீட்டுக் கட்டில் காத்திருக்கிறது. எனவே போக ஒரு வகுப்பும் வர ஒரு வகுப்பும் எடுப்பதுதான் பல விடுமுறைப் பயணங்களுக்குப் பொருத்தம். பெரும்பாலான முழுச்சேவை நிறுவனங்கள் இதை அனுமதிக்கின்றன. இணையதளத்தில் இரண்டு வழிக்கும் தனித்தனியே வகுப்பைத் தேர்ந்தெடுக்க முடியாவிட்டால் பயண முகவர் எடுத்துத் தருவார். இந்த ஓர் ஏற்பாட்டிலேயே கூடுதல் செலவு பாதியாகிவிடுகிறது.

லண்டனிலிருந்து திரும்புபவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரிட்டனிலிருந்து புறப்படும் பயணிகளிடம் அந்த அரசு வசூலிக்கும் விமானப் பயணி வரி, மிகக் கீழ்நிலை வகுப்புக்கு ஒரு விகிதம், மற்றெல்லா வகுப்புகளுக்கும் வேறு விகிதம். இந்தியா போன்ற தூரத்துக்கு 2025 ஏப்ரல் முதல் எகானமிக்கு 90 பவுண்டு, மற்றவற்றுக்கு 216 பவுண்டு. 2026 ஏப்ரல் முதல் அவை முறையே 102, 244 பவுண்டு. வரி விதிப்பில் பிரீமியம் எகானமியும் முதல் வகுப்பும் ஒரே தட்டில்தான். ஆக, திரும்பும் வழியில் பிரீமியம் எடுத்தால் நூறு பவுண்டுக்கு மேற்பட்ட தொகை இருக்கைக்குப் போகாமல் நேரே அரசுக் கருவூலத்துக்குப் போகிறது. நம் நாட்டிலும் இப்படித்தான். எகானமி டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், எகானமி அல்லாத வகுப்புகளுக்கு 12 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆனது. பெயரில் எகானமி என்று இருந்தாலும் வரி மேல்வகுப்புக்கு உரியது. விலையை ஒப்பிடும்போது வரி சேர்ந்த இறுதித் தொகைகளையே ஒப்பிட வேண்டும்.

பணம் கொடுத்தும் கிடைக்காதவை எவை என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. விமான நிலைய ஓய்வறை (லவுஞ்ச்) பெரும்பாலான நிறுவனங்களில் இல்லை. முன்னதாக ஏறலாம், தனி வரிசையில் பெட்டியை ஒப்படைக்கலாம், பெட்டிகள் முன்னதாக வரும் என்பார்கள். அது சில நிலையங்களில் நடக்கிறது, சிலவற்றில் நடப்பதில்லை. சாப்பாடு பீங்கான் தட்டில் வரும், கண்ணாடிக் குவளை தருவார்கள், தேர்ந்தெடுக்க ஓரிரு வகைகள் கூடுதலாக இருக்கும். சாப்பாட்டுக்காக மட்டும் இந்த வகுப்பை எடுப்பதில் பொருளே இல்லை. பெட்டி எடை உண்மையான பயன்தான்: பல நிறுவனங்கள் 23 கிலோ பெட்டி இரண்டு தருகின்றன, எடைக் கணக்கு வைத்திருப்பவை எகானமியைவிடச் சில கிலோ கூடுதலாகத் தருகின்றன. மகள் வீட்டுக்கு மாவடுவும் வடகமும் பொடி வகைகளும் சுமந்து போகும் பெற்றோருக்கு இது பணமாகவே மிச்சம். வெறும் தோள்பையோடு ஐரோப்பா சுற்றப் போகும் இளைஞருக்கு ஒரு பயனும் இல்லை.

உடல்நலம் என்ற காரணத்தையும் அடிக்கடி சொல்கிறார்கள். நெடுநேரம் உட்கார்ந்தால் காலில் இரத்தம் உறையும், அகன்ற இருக்கை அதைத் தடுக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு முடிவின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் இந்த ஆபத்தை ஏறக்குறைய இரு மடங்காக்குகிறது. ஆனாலும் ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு என்ற அளவில்தான் அது இருக்கிறது. காரணம் அசையாமல் உட்கார்ந்திருப்பது. பஸ்ஸிலும் ரயிலிலும் அசையாமல் உட்கார்ந்தாலும் அதே ஆபத்துதான். அமெரிக்க மார்பு மருத்துவர்கள் கல்லூரி 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், எகானமியில் பயணம் செய்வதால் மட்டும் ஆபத்து கூடுகிறது என்பதற்குச் சான்று இல்லை என்றன; எழுந்து நடக்கத் தயங்கும் ஜன்னலோர இருக்கையைத்தான் காரணிகளில் ஒன்றாகக் குறிப்பிட்டன. எனவே உடல்நலத்துக்காகப் பணம் செலவழிக்க நினைப்பவர், எகானமியிலேயே நடைபாதை ஓர இருக்கையைக் காசு கொடுத்து உறுதி செய்துகொண்டு, மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தால் போதும். ஏற்கெனவே இரத்த உறைவு வந்தவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். இருக்கையின் அகலம் மருந்தாகாது.

முழங்கால் மூட்டு வலி வேறு விஷயம். நல்ல உயரமானவர்கள், உடல் பருத்தவர்கள், மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு 31 அங்குலம் என்பது வசதிக் குறைவு அல்ல, வலி. இவர்களுக்கு நான் மேலே சொன்ன ஒன்றரை மடங்குக் கணக்கெல்லாம் பொருந்தாது. வலியில்லாமல் போய்ச் சேர்வதற்கு விலை வேறு.

பேரப்பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் அறுபது, எழுபது வயதுப் பெற்றோரும் இந்தக் கூட்டத்தில்தான் சேர்வார்கள். டெல்லி அல்லது துபாயிலிருந்து அமெரிக்காவுக்குப் பதினான்கு, பதினைந்து மணி நேரம் ஒரே மூச்சில் பறக்க வேண்டும். நம் பெற்றோர்களிடம் கேட்டால் ‘எதுக்குப்பா வீண் செலவு, ஒரு நாள்தானே’ என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். கணவனும் மனைவியுமாகப் போகிறவர்களுக்கு இந்த வகுப்பில் ஒரு சிறப்பு வசதி இருக்கிறது: 777, ஏ350 இரண்டிலும் பிரீமியம் எகானமி வரிசை பெரும்பாலும் 2-4-2 என்று அமைந்திருக்கும், 787-ல் 2-3-2. ஓரத்து இரண்டு இருக்கைகளும் அவர்களுக்கே. இரவில் கழிப்பறைக்கு எழும் அம்மா முன்பின் தெரியாத மூன்றாவது ஆளை எழுப்ப வேண்டியதில்லை. மூன்று மூன்றாகவும் நான்காகவும் அமைந்த எகானமியில் இந்தத் தனிமை கிடைக்காது. முதியவர்கள் பலர் பக்கத்து ஆளைத் தொந்தரவு செய்யத் தயங்கித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தயக்கம் நீங்குவது ஏழு அங்குலத்தைவிடப் பெரியது என்று நான் நினைக்கிறேன்.

சிறு குழந்தைகளோடு போகும் பெற்றோருக்கு இதற்கு நேரெதிரான ஆலோசனை. பிரீமியம் எகானமி இருக்கைகளின் கைப்பிடிகள் பெரும்பாலும் கனமானவை. மடிப்பு மேசையும் சில இடங்களில் திரையும் அதற்குள்ளேயே இருக்கும். அவற்றை மேலே தூக்க முடியாது. எகானமியில் கைப்பிடியைத் தூக்கிவிட்டு மூன்று வயதுக் குழந்தையை அம்மா மடியில் தலையும் அப்பா மடியில் காலுமாகப் படுக்கவைக்கலாம். இரண்டு மடங்கு பணம் கொடுத்த வகுப்பில் அது முடியாமல் போகிறது. ஏர் நியூசிலாந்து 2011 முதல் எகானமியிலேயே மூன்று இருக்கைகளைச் சேர்த்து மஞ்சமாக விரிக்கும் ஏற்பாட்டை விற்கிறது. குழந்தையுள்ள குடும்பத்தின் தேவையைச் சரியாகப் புரிந்துகொண்ட யோசனை அது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு நடுவிலுள்ள நான்கு எகானமி இருக்கைகளும் ஒரு சொந்த அறை போலத்தான்.

இனி, பெயரை நம்பி ஏமாறக்கூடிய இடங்கள். விஸ்தாரா 2015-ல் தொடங்கியபோது இந்திய உள்நாட்டு விமானங்களில் பிரீமியம் எகானமியைக் கொண்டுவந்தது. 2024 நவம்பரில் அது ஏர் இந்தியாவோடு இணைந்தது. ஏர் இந்தியாவின் ஏ320 வகை விமானங்களிலும் இந்த வகுப்பு இருக்கிறது. ஆனால் அந்தச் சிறிய விமானத்தில் எகானமியைப் போலவே வரிசைக்கு ஆறு பேர்தான். அகலத்தில் மாற்றமில்லை, கால் வைக்கச் சில அங்குலம் கூடும். சென்னையிலிருந்து டெல்லிக்கு மூன்று மணி நேரப் பயணத்தில் அதற்கு என்ன மதிப்பு? சாப்பாடும், விருப்பமான இருக்கையும், மாற்றும் வசதியும் சேர்ந்து சில நூறு ரூபாய் வேறுபாட்டில் கிடைத்தால் எடுக்கலாம், ஆயிரக்கணக்கில் என்றால் வேண்டாம். அமெரிக்க நிறுவனங்களில் வேறு குழப்பம். யுனைடெட்டில் ‘எகானமி பிளஸ்’ என்பது கால் நீட்ட இடமுள்ள சாதாரண எகானமி. ‘பிரீமியம் பிளஸ்’ என்பதுதான் தனி வகுப்பு. டெல்டாவில் ‘கம்ஃபர்ட்’ முன்னது, ‘பிரீமியம் செலக்ட்’ பின்னது. பெயரைவிட, வரிசைக்கு எத்தனை இருக்கை என்று இருக்கை வரைபடத்தில் எண்ணிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

இணைப்பு விமானத்தில் போகும்போது இன்னும் கவனம் வேண்டும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக சிட்னி போகிறவர் பிரீமியம் எகானமி என்று எடுத்தாலும், சென்னை - சிங்கப்பூர் பகுதியில் அந்த வகுப்பு இல்லாமல் போகலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நடுத்தரத் தூர விமானங்கள் பிசினஸ், எகானமி என்ற இரண்டே வகுப்புகளோடு பறக்கின்றன. டிக்கெட்டில் எந்தப் பகுதிக்கு எந்த வகுப்பு என்று எழுதியிருப்பதைப் படிக்காமல் பணம் கட்டக்கூடாது. அந்தப் பயணத்தில் நான்கு மணி நேரம் எகானமி, எட்டு மணி நேரம் பிரீமியம் என்று ஆனால், கூடுதல் தொகை முழுவதையும் அந்த எட்டு மணி நேரத்தின் மேல் வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

மணிக் கணக்கு என்றதும் சிங்கப்பூர் - நியூயார்க் நேரடி விமானம் நினைவுக்கு வருகிறது. பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பறக்கும் அந்த ஏ350-ல் எகானமியே கிடையாது. 67 பிசினஸ் இருக்கைகள், 94 பிரீமியம் எகானமி இருக்கைகள், அவ்வளவுதான். 2004-ல் நியூயார்க்குக்கு அருகிலுள்ள நூவர்க்குக்கு இந்தச் சேவையைத் தொடங்கியபோதும் அவர்கள் சாதாரண எகானமி வைக்கவில்லை. 2008-ல் நூறு பிசினஸ் இருக்கைகள் மட்டும் என்று மாற்றி, 2013-ல் நிறுத்தி, 2018-ல் மறுபடி தொடங்கினார்கள். எடையும் எரிபொருளும் அதற்கு முக்கியக் காரணம். என்றாலும், அந்தத் தூரத்துக்குக் கீழ்வரம்பு 38 அங்குலம்தான் என்று ஒரு நிறுவனமே முடிவு செய்திருப்பது நமக்கும் ஒரு குறிப்பு. பதினைந்து மணி நேரத்தைத் தாண்டும் பயணங்களில் நான் கொஞ்சம் கூடுதல் விலைக்கும் இணங்குவேன்.

இதே பணத்தைக் கொண்டு எகானமியிலேயே செய்யக்கூடியவையும் இருக்கின்றன. விமானத்தைத் தேர்ந்தெடுப்பது முதலாவது. ஏ350, 787 இரண்டிலும் உள்காற்றழுத்தம் ஆறாயிரம் அடி உயரத்துக்கு இணையாக வைக்கப்படுகிறது. பழைய விமானங்களில் எட்டாயிரம் அடி வரை போகும். இறங்கும்போது உணரும் தலைபாரம் குறைய இது உதவுகிறது, எல்லா வகுப்புக்கும் சமமாகவே கிடைக்கிறது. ஒரே ஊருக்கு ஒரே விலையில் 777-உம் ஏ350-உம் போகின்றன என்றால், ஏ350-ன் எகானமி கூடுதல் காசில்லாத மேம்பாடு. அடுத்து, அவசர வழி வரிசையும் முன்சுவரை ஒட்டிய வரிசையும்: பிரீமியம் கட்டணத்தில் சிறு பங்குக்குக் கால் நீட்டும் இடம் கிடைக்கும். அவசர வழி வரிசை குழந்தைகளுக்கும் உதவி தேவைப்படும் முதியவர்களுக்கும் தரப்படுவதில்லை. சில நிறுவனங்கள் பக்கத்து இருக்கையைக் காலியாக வைக்கவும் தனிக் கட்டணத்துக்கு விற்கின்றன. கூட்டம் குறைந்த பருவத்தில் அது பிரீமியத்தைவிட நல்ல வியாபாரம்.

விலை நிலையானதும் அல்ல. டிக்கெட் எடுத்த பிறகு, ‘இவ்வளவு கொடுத்தால் மேல்வகுப்பு’ என்று ஏலம் கேட்கும் மின்னஞ்சல் பல நிறுவனங்களிலிருந்து வருகிறது. பயணத்துக்குச் சில நாள்களுக்கு முன் இருக்கைகள் காலியாக இருந்தால் குறைந்த தொகைக்கும் கிடைக்கும். எகானமி இருக்கையோடு போகவும் சம்மதம் என்ற நிலையில் இருப்பவருக்கு இது நல்ல வழி. முன்பதிவுக் கவுன்ட்டரில் கேட்டுப் பார்ப்பதிலும் தவறில்லை. பள்ளி விடுமுறையிலும் டிசம்பரிலும் எகானமியே ஏறி நிற்கும். அந்த நாள்களில் மாற்றக்கூடிய எகானமி டிக்கெட்டின் விலை, மலிவான பிரீமியம் டிக்கெட்டைத் தொட்டுவிடுவதும் உண்டு. தேதி மாற்றும் தேவை இருப்பவர்கள் அந்த இரண்டு விலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

விமானம் மாற்றப்பட்டு, பிரீமியத்துக்குப் பணம் கட்டியவர் எகானமியில் உட்கார நேர்ந்தால் என்ன செய்வது? ஐரோப்பிய ஒன்றியத்தின் 261-ஆம் எண் விதிமுறை தூரத்தைப் பொறுத்து டிக்கெட் விலையில் 30, 50, 75 சதவீதம் திருப்பித் தரச் சொல்கிறது. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு 75 சதவீதம். இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2023 பிப்ரவரி 15 முதல் இதே போன்ற விதியை நடைமுறைப்படுத்தியது: உள்நாட்டுப் பயணத்துக்கு வரி உட்பட டிக்கெட் விலையில் 75 சதவீதம், வெளிநாட்டுப் பயணத்துக்குத் தூரத்துக்கேற்ப 30 முதல் 75 சதவீதம். விலை வேறுபாட்டை மட்டும் தருகிறோம் என்றோ, அடுத்த பயணத்துக்குச் சலுகைச் சீட்டு தருகிறோம் என்றோ கவுன்ட்டரில் சொன்னால் அதோடு சம்மதித்துவிடக் கூடாது. எந்த வகுப்பில் உட்காரவைத்தார்கள் என்பதற்குச் சான்று போர்டிங் பாஸ்தான். பழையதையும் புதியதையும் சேர்த்து வைத்துக்கொண்டு எழுத்து மூலமாகக் கேளுங்கள்.